பன்றி நாடாப்புழுவும் வலிப்பு நோயும்

வட இந்தியச் சமவெளியின் சிற்றூர்கள் பலவற்றில் விடியற்காலையில் காணத்தக்க காட்சி ஒன்று உண்டு. ஊரின் எல்லையில், குளக்கரையிலும் கரும்புக் கொல்லையின் மறைவிலும், மனிதர் மலங்கழித்துச் சென்ற இடங்களைப் பன்றிகள் கூட்டமாகச் சுற்றி வருகின்றன. அவற்றை வளர்ப்போர் பெரும்பாலும் ஊரின் மிக வறிய குடும்பத்தினர். தீவனம் வாங்க அவர்களிடம் பொருள் இல்லை. ஆதலால் பன்றிகள் பகலெல்லாம் தாமே இரை தேடித் திரிந்து மாலையில் குடிசைக்குத் திரும்புகின்றன.

அதே ஊரின் பள்ளியில் மற்றொரு காட்சி. ஐந்தாம் வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருக்கிறது. நன்றாகப் படித்து வந்த சிறுவன் ஒருவனின் வலக்கை திடீரெனத் துடிக்கத் தொடங்குகிறது. வாய் ஒரு பக்கமாகக் கோணுகிறது. அடுத்த கணம் அவன் நினைவிழந்து தரையில் விழுகிறான். சில நிமிடங்களில் தெளிந்து எழுகிறான். வீட்டார் அவனை மந்திரவாதியிடம் அழைத்துச் செல்கின்றனர். அடுத்த மாதம் வலிப்பு மீண்டும் வருகிறது. பிறகு அவன் பள்ளிக்கு வருவது நின்றுபோகிறது. அவன் குடும்பத்தாரோ தலைமுறை தலைமுறையாகப் புலால் உண்ணாதவர்கள். பன்றியை வீட்டு வாயிலில் அண்டவும் விடாதவர்கள்.

இவ்விரு காட்சிகளுக்கும் தொடர்பு உண்டென்றால் நம்புவது எளிதன்று. ஆயினும் இந்தியக் கிராமங்களில் இளையோருக்கு உண்டாகும் வலிப்பு நோயில் கணிசமான பகுதிக்கு இந்தத் தொடர்பே காரணமென்று ஆராய்ச்சி காட்டியுள்ளது. இரண்டையும் இணைப்பது பன்றி நாடாப்புழு. விலங்கியலார் இதனை டீனியா சோலியம் என்பர். இதன் வாழ்க்கை முறையைத் தெளிவாக அறிந்துகொண்டால், நோயைத் தடுக்கும் வழிகளும் தாமே விளங்கும்.

புழுவின் வாழ்க்கை

வளர்ந்த நாடாப்புழு மனிதனுடைய சிறுகுடலில் மட்டுமே வாழ்கிறது. தட்டையான வெண்ணிற நாடாவைப் போன்ற அதன் நீளம் பொதுவாக 2 முதல் 4 மீட்டர் வரை இருக்கும். குண்டூசித் தலையளவே உள்ள அதன் தலையில் நான்கு உறிஞ்சிகளும், இரண்டு வரிசைக் கொக்கிகளும் உண்டு. இவற்றால் அது குடற்சுவரைப் பற்றிக்கொள்கிறது. அதற்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. மனிதன் செரித்த உணவைத் தன் உடலின் மேற்பரப்பாலேயே உறிஞ்சுகிறது. தலைக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான கணுக்கள் சங்கிலியாகத் தொடர்கின்றன. கடைசிக் கணுக்கள் முதிர்ந்து, முட்டைகளால் நிரம்பி, ஒன்றிரண்டாகக் கழன்று மலத்துடன் வெளியேறுகின்றன. முதிர்ந்த கணு ஒன்றில் ஏறத்தாழ 50,000 முட்டைகள் இருக்கக்கூடும். புழுவைச் சுமப்பவருக்கு இலேசான வயிற்றுவலியோ பசிக்குறைவோ தோன்றலாம். பெரும்பாலோருக்கு ஒன்றுமே தெரிவதில்லை. இவ்வாறு அறியாமலேயே ஒருவர் சில ஆண்டுகள் முட்டைகளைப் பரப்பி வரக்கூடும்.

முட்டை கண்ணுக்குப் புலப்படாதது. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரின் முப்பதில் ஒரு பங்கிற்கும் குறைவாகவோ சற்றே கூடுதலாகவோ இருக்கும். அதன் தடித்த ஓடு பல கிருமிநாசினிகளைத் தாங்க வல்லது. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் அது மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அத்தகைய முட்டைகளை மலத்துடன் பன்றி உண்ணும்போது, பன்றியின் குடலில் ஓடு கரைந்து, ஆறு கொக்கிகள் கொண்ட கரு வெளிப்படுகிறது. அது குடற்சுவரைத் துளைத்து இரத்த ஓட்டத்தில் கலந்து, தசைகளிலும் நாக்கிலும் இருதயத்திலும் மூளையிலும் சென்று தங்குகிறது. இரண்டு மூன்று மாதங்களில் ஒவ்வொரு கருவும் நீர் நிறைந்த சிறு பையாக வளர்கிறது. பட்டாணியளவு உள்ள அப்பையின் உள்ளே, வருங்காலப் புழுவின் தலை ஒரு வெண்புள்ளியாகத் தெரியும். இதனைப் புழுப்பை எனலாம். இறைச்சியை வெட்டினால் சோற்றுப் பருக்கைகளைத் தூவியது போல இப்பைகள் காணப்படும்.

அவ்விறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் உண்ணும் மனிதனுடைய குடலில் புழுப்பை விரிந்து, தலையை நீட்டிக் குடற்சுவரைப் பற்றி, இரண்டு மாதம் அளவில் முழுப் புழுவாகிறது. வட்டம் முற்றுப்பெறுகிறது.

இவ்வுண்மை வெளிப்படப் பல நூற்றாண்டுகள் ஆயின. பன்றி இறைச்சியில் காணும் மணிகளைப் பண்டைக் கிரேக்கர் அறிந்திருந்தனர். ஆனால் அவை புழுவின் இளம்பருவம் என்பதை எவரும் உணரவில்லை. 1850களில் பெல்ஜிய விலங்கியலறிஞர் வான் பெனடன் புழுவின் முட்டைகளைப் பன்றிக்கு ஊட்டி, அதன் தசையில் பைகள் தோன்றுவதைக் கண்டார். 1855ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் கூக்கன்மைஸ்டர், மரண தண்டனை பெற்ற கைதி ஒருவனின் உணவில் புழுப்பைகளைக் கலந்து கொடுத்து, தண்டனை நிறைவேறிய பின் அவன் குடலில் இளம் நாடாப்புழுக்கள் பற்றியிருப்பதைக் காட்டினார். இன்றைய நெறிமுறை இத்தகைய சோதனையை ஒருபோதும் அனுமதிக்காது. ஆயினும் பையும் புழுவும் ஒன்றே என்ற ஐயம் அத்துடன் தீர்ந்தது.

இருவேறு வழிகள்

களப்பணியாளரும் ஆசிரியரும் ஐயமின்றி மனத்தில் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று உண்டு. இப்புழு மனிதனை அடையும் வழிகள் இரண்டு. அவற்றின் விளைவுகளும் வெவ்வேறானவை.

முதல் வழி இறைச்சி. புழுப்பை உள்ள பன்றி இறைச்சியை அரைவேக்காட்டில் உண்பவரின் குடலில் நாடாப்புழு உண்டாகிறது. இதனால் வரும் துன்பம் சிறிது. ஒரு வேளை மருந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இரண்டாவது வழி முட்டை. நாடாப்புழுவைச் சுமப்பவரின் மலத்திலிருந்து வந்த முட்டை, கழுவாத கையாலோ, நீராலோ, பச்சைக் காய்கறியாலோ மற்றொருவர் வாயை அடைகிறது. அப்போது அம்மனிதனின் உடல் பன்றியின் உடலைப் போலவே பயன்படுகிறது. கரு குடலைத் துளைத்து, இரத்தத்தில் கலந்து, தசையிலும் தோலடியிலும் கண்ணிலும் மூளையிலும் பையாகிறது. வலிப்பை உண்டாக்குவது மூளையில் தங்கும் இப்பையே.

ஆகவே பன்றி இறைச்சி உண்ணாதவருக்கு நாடாப்புழு வாராது. புழுப்பையோ எவருக்கும் வரலாம். இதனை விளக்கும் நிகழ்ச்சி ஒன்று அமெரிக்காவில் பதிவாகியுள்ளது. பன்றி இறைச்சியைச் சமய விதிப்படி முற்றும் விலக்கிய நியூயார்க் நகரத்து யூதக் குடும்பங்கள் சிலவற்றில் இந்நோய் தோன்றியது. நோய் பரவலாக உள்ள நாடுகளிலிருந்து வந்து அவ்வீடுகளில் பணிசெய்தவர்களிடமிருந்து முட்டைகள் உணவு வழியாகச் சென்றிருக்க வேண்டுமென்று ஆராய்ந்தோர் முடிவு செய்தனர். இவ்வாராய்ச்சி 1992ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இந்திய மருத்துவமனைகளில் இந்நோய்க்குச் சிகிச்சை பெறுவோருள் பெரும்பாலோர் பன்றி இறைச்சி உண்ணாதவரே என்பதும், அவர்களுள் மரக்கறி உணவினர் பலர் என்பதும் இக்காரணத்தாலேயே.

இங்கு மற்றொன்றையும் தெளிவாக்க வேண்டும். பன்றியின் சாணத்தில் இப்புழுவின் முட்டை இருப்பதில்லை. பன்றியைத் தொடுவதால் மூளையில் புழுப்பை உண்டாவதும் இல்லை. முட்டையை வெளியிடுவது மனிதக் குடலில் உள்ள புழு ஒன்றே. பன்றிக்கு நோயைக் கொடுத்தவனும் மனிதனே. எனவே பன்றி வளர்க்கும் குடும்பங்களை ஊரார் ஒதுக்குவதற்கு இந்நோய் சாக்காகக் கூடாது. அவ்வாறு ஒதுக்கினால் நாடாப்புழு உள்ளவர் அதனை மறைப்பார். மருந்து அவரைச் சென்றடையாது. முட்டைகள் ஊரில் தொடர்ந்து பரவும்.

மாட்டிறைச்சி வழியாக வரும் நாடாப்புழுவும் ஒன்று உண்டு. டீனியா சாஜினேட்டா எனப்படும் அதன் தலையில் கொக்கிகள் இல்லை. அதன் முட்டைகள் மனிதரின் மூளையில் பைகளை உண்டாக்குவதில்லை. ஆனால் இவ்விரு புழுக்களின் முட்டைகளையும் நுண்ணோக்கியால் வேறுபடுத்த இயலாது. மலச் சோதனையில் இவ்வின முட்டை காணப்பட்டால், வேறெனத் தெளியும்வரை பன்றி நாடாப்புழு என்றே கருதி எச்சரிக்கையுடன் நடப்பது முறை.

மூளையில் நடப்பது

மூளையில் தங்கிய பை உடனே தீங்கு செய்வதில்லை. உயிருள்ள பை, உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் பொருள்களைச் சுரந்து, ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருக்கும். பை மடியத் தொடங்கும்போதே தொல்லை தோன்றுகிறது. மறைவு நீங்கியதும் உடலின் எதிர்ப்பணுக்கள் அதனைச் சூழ்கின்றன. சுற்றியுள்ள மூளைப் பகுதி வீங்குகிறது. அவ்வீக்கம் வலிப்பாக வெளிப்படுகிறது. சிலருக்குத் தலைவலியும், பார்வைக் குறையும், மூளை நீர் அடைப்பும் நேரலாம். பை முற்றும் மடிந்தபின் பலருக்குத் தடயமின்றி மறைகிறது. சிலருக்குச் சுண்ணாம்பு படிந்த சிறு தழும்பாக நின்று, பின்னரும் வலிப்புக்குக் காரணமாகிறது.

முட்டை உட்புகுவதற்கும் வலிப்புத் தோன்றுவதற்கும் இடையே உள்ள நெடுங்காலத்தை வெளிப்படுத்தியவை பிரிட்டிஷ் படைவீரர்களைப் பற்றிய ஆய்வுகள். இந்தியாவில் பணியாற்றித் தாயகம் திரும்பிய வீரர் பலருக்கு வலிப்பு உண்டாவதை 1930களில் இராணுவ மருத்துவர் மக்கார்தர் கவனித்து, அதன் காரணம் புழுப்பை என்று காட்டினார். பின்னர் டிக்சன், லிப்ஸ்கோம்ப் என்னும் இருவர் 450 நோயாளிகளின் வரலாற்றைத் தொடர்ந்து ஆராய்ந்து 1961ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இந்தியாவில் இருந்தவர்கள். முட்டை உட்புகுந்து சில ஆண்டுகள் கழித்தே பெரும்பாலோருக்கு முதல் வலிப்பு வந்தது. சிலருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலும் சென்றது. இன்று வலிப்புடன் வரும் நோயாளியிடம், சென்ற மாதம் என்ன உண்டார் என்று கேட்பதால் பயனில்லை என்பதற்கு இதுவே காரணம்.

இந்தியாவில் கண்டவை

இந்நோய் இந்தியாவில் பதிவான வரலாறு 1888ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டு சென்னையில் வலிப்பால் இறந்த தொழிலாளி ஒருவரின் மூளையில் புழுப்பைகள் காணப்பட்டதை ஆம்ஸ்ட்ராங் என்னும் மருத்துவர் அறிவித்தார். அதன்பின் நெடுங்காலம் இது அரிய நோய் என்றே கருதப்பட்டது. உயிருள்ளவரின் மூளையினுள் பார்க்கும் கருவி அந்நாளில் இல்லாமையே காரணம்.

சி.டி. ஸ்கேன் கருவி இந்தியாவுக்கு வந்தபின் ஒரு புதிர் தோன்றியது. வலிப்புடன் வந்த இளையோர் பலரின் மூளையில், 2 சென்டிமீட்டருக்கும் குறைவான ஒற்றை வளையம் தெரிந்தது. காசநோய் மிகுந்த நாடாகையால், அது காசநோய்க் கட்டி என்றே மருத்துவர் எண்ணினர். நோயாளிகள் பல மாதம் காசநோய் மருந்து உட்கொண்டனர். ஆனால் மருந்து கொடாதவருக்கும் அவ்வளையம் சில மாதங்களில் தானே மறைந்தது விந்தையாக இருந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் நரம்பு அறுவை மருத்துவர்களான மேத்யு சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலியோர், சில நோயாளிகளிடமிருந்து அக்கட்டியை அகற்றி நுண்ணோக்கியால் ஆராய்ந்தனர். அவற்றுள் பெரும்பாலானவை மடிந்துகொண்டிருந்த புழுப்பைகள் என்பது தெரிந்தது. இம்முடிவுகள் 1990ஆம் ஆண்டையொட்டி வெளியாயின. தேவையற்ற காசநோய் மருந்திலிருந்தும், தேவையற்ற அறுவையிலிருந்தும் பல்லாயிரம் நோயாளிகள் அதனால் விடுபட்டனர். காசநோய்க் கட்டி இந்நாட்டில் இன்றும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது மருத்துவரின் பொறுப்பு.

நோயின் அளவை அறிய அதே கல்லூரியினர் வேலூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 50,000 மக்களை வீடு வீடாகக் கணக்கெடுத்தனர். 2006ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வின்படி, ஆயிரம் பேரில் ஏறக்குறைய நால்வருக்கு நடப்பு வலிப்பு நோய் இருந்தது. அவ்வாறு வலிப்பு உள்ளவருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் புழுப்பை. இந்நோய் நிலைபெற்ற நாடுகளில் வலிப்பு நோயின் 30 விழுக்காடு வரை இதனால் விளைகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுவதும் இதனோடு ஒத்திருக்கிறது.

வடக்கே, உத்தரப் பிரதேசத்தின் லக்னோ மாவட்டத்தைச் சேர்ந்த மோகன்லால்கஞ்ச் பகுதியில், பன்றி வளர்க்கும் குடும்பங்களிடையே ஆய்வு நடந்தது. 2007ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவின்படி, சோதிக்கப்பட்ட 924 பேரில் 18.6 விழுக்காட்டினரிடம் நாடாப்புழு இருந்தது. ஏறக்குறைய ஐவரில் ஒருவர் நாள்தோறும் முட்டைகளை வெளியிட்டுக்கொண்டிருந்தார் என்பது இதன் பொருள். அத்தகைய ஊரில் நீரும் மண்ணும் கீரையும் எவ்வாறு தூய்மையாக இருக்க முடியும்?

சங்கிலியை அறுத்தல்

மேற்கு ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பரவியிருந்த இப்புழு இன்று அங்கு ஏறத்தாழ மறைந்துவிட்டது. கழிவறை, பட்டியில் அடைத்து வளர்த்த பன்றி, கொல்களத்தில் இறைச்சிச் சோதனை ஆகிய மூன்றுமே அதனைப் போக்கின. அதற்கான தனி மருந்து அந்நாளில் பெரிதும் உதவவில்லை. பன்றி மனித மலத்தை எட்டாவிட்டால் புழுவின் வட்டம் அறுந்துவிடும் என்பதே இதன் பாடம்.

இந்தியாவில் 2014ஆம் ஆண்டில் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின் கீழ் கோடிக்கணக்கான கழிவறைகள் கட்டப்பட்டன. ஆனால் கட்டிய கழிவறையை வீட்டில் உள்ள அனைவரும் எந்நாளும் பயன்படுத்தினால்தான் பயன் உண்டு. ஒருவர் மட்டும் வயலுக்குச் சென்றாலும், அவர் நாடாப்புழு உள்ளவராயின் ஊர்ப் பன்றிகளுக்கு அதுவே போதும். கழிவறைக் குழியின் மூடி உடைந்து பன்றி நுழையும்படி இருந்தாலும் அவ்வாறே.

நாட்டில் 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 90 இலட்சம் பன்றிகள் இருந்தன. வடகிழக்கு மாநிலங்களில் அவை பெருந்தொகையாக உள்ளன. அங்குப் பன்றி வளர்ப்பு பெண்களின் கைப்பொருளுக்கு முக்கிய வழி. பன்றியை அடைத்து வளர்க்கச் சொல்வது எளிது. அடைத்தால் தீவனம் வாங்க வேண்டுமே என்று வளர்ப்பவர் கேட்பார். புழுப்பை உள்ள பன்றி மெலிவதும் இல்லை, நோயுற்றதுபோல் தோன்றுவதும் இல்லை. ஆதலின் அதனைத் தடுப்பதால் தமக்கு வரும் ஆதாயம் அவருக்குப் புலப்படுவதில்லை. சமையற் கழிவு, தவிடு, மரவள்ளி, கீரைத்தண்டு போன்ற எளிய தீவனங்களைக் காட்டிக்கொடுப்பதும், பட்டி அமைக்கக் கடனுதவி பெற வழிசெய்வதும் அறிவுரையுடன் சேர்ந்து நடக்கவேண்டியவை.

பன்றிக்கு உரிய தடுப்பூசி ஒன்றும் இப்போது உண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் மார்ஷல் லைட்டவ்லர்ஸ் குழுவினர் உருவாக்கிய அதனை ஹைதராபாத்தில் உள்ள இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ் நிறுவனம் தயாரித்தது. அதனுடன் ஆக்ஸ்பெண்டசோல் என்னும் மருந்தையும் கொடுத்தால், பன்றியின் தசையில் ஏற்கெனவே உள்ள பைகளும் அழிகின்றன. தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் வடபகுதியில் மனிதருக்கும் பன்றிகளுக்கும் ஒருசேர மருந்து கொடுத்து, பன்றிகளுக்குத் தடுப்பூசியும் போட்டு நடத்திய முயற்சியின் முடிவு 2016ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன் இறுதிக் கட்டத்தில் அடங்கிய 107 சிற்றூர்களில் 105இல் நோய் பரவுதல் நின்றிருந்தது. மனித மருத்துவமும் கால்நடை மருத்துவமும் தனித்தனியே செய்ய இயலாததை இரண்டும் கைகோத்துச் செய்யக்கூடும் என்பதற்கு இது சான்று.

களப்பணியாளர் கவனிக்கவேண்டியவை

வீடு தோறும் செல்லும் ஊழியர் கேட்கவேண்டிய முதற்கேள்வி, மலத்தில் வெண்ணிறமான தட்டைத் துண்டுகள் எவருக்கேனும் வெளிப்பட்டனவா என்பது. பலர் அதனைச் சொல்லக் கூசுவர். சிலர் சுரைவிதை என்று எண்ணி விட்டிருப்பர். துண்டு கிடைத்தால் கையுறையுடன் எடுத்து, மூடியுள்ள புட்டியில் இட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். வெறுங்கையால் தொடுதல் கூடாது. அத்துண்டில் பல்லாயிரம் முட்டைகள் உண்டு.

நாடாப்புழு உறுதியானவருக்கு மருத்துவர் நிக்ளோசமைடு அல்லது பிராசிகுவாண்டெல் அளிப்பார். பிராசிகுவாண்டெல் மூளையிலும் சென்று வேலை செய்வது. ஆதலால் மறைவான புழுப்பை உள்ளவருக்கு அது வலிப்பைத் தூண்டலாம். நிக்ளோசமைடு குடலைவிட்டு வெளியே செல்வதில்லை. வலிப்போ, தீராத் தலைவலியோ உண்டா என்று முன்னதாகக் கேட்டறிந்து மருத்துவருக்குத் தெரிவிப்பது ஊழியரின் கடமை. பள்ளிகளில் குடற்புழு நீக்கத்துக்காகக் கொடுக்கும் ஒரு வேளை அல்பெண்டசோல் உருண்டைப்புழு முதலியவற்றுக்கு நல்லது. நாடாப்புழுவை அதனால் உறுதியாக நீக்க முடியும் என்று எண்ணக்கூடாது.

மூளையில் புழுப்பை உள்ளவருக்குப் புழுமருந்தைத் தாமாகக் கொடுப்பதோ, கடையில் வாங்கி உண்ணும்படி சொல்வதோ பெருந்தவறு. பைகள் பலவாக இருந்தால் அவை ஒருங்கே மடிந்து மூளை வீங்கி உயிருக்கே கேடு வரலாம்; கண்ணில் பை இருந்தால் பார்வை போகலாம். ஸ்கேன் எடுத்து, கண்ணையும் சோதித்து, வீக்கத்தைத் தணிக்கும் மருந்துடன் மருத்துவர் மேற்பார்வையில் செய்யவேண்டிய சிகிச்சை அது. வலிப்பை அடக்கும் மருந்தை நாள் தவறாமல் உண்பதே நோயாளிக்கு முதல் தேவை. அதனை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதபடி பார்த்துக்கொள்வதில் ஊழியரின் உதவி பெரிது.

கால்நடை ஊழியர், பன்றியைப் பிடித்து நிறுத்தி, நாக்கைத் துணியால் பற்றி வெளியே இழுத்து, அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தும் தடவியும் பைகளைக் கண்டறியலாம். பை தென்பட்டால் நோய் உறுதி. தென்படாவிட்டால் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. குறைந்த அளவில் நோயுற்ற பன்றிகள் இச்சோதனையில் தப்பிவிடும்.

இல்லத்தாருக்குச் சொல்லவேண்டியவை சில. இறைச்சியைச் சிறு துண்டுகளாக்கி, உள்ளே சிவப்பு மாறும்வரை வேகவைக்க வேண்டும்; மேலே கருகி உள்ளே பச்சையாக இருக்கும் சுட்ட இறைச்சியில் ஆபத்து உண்டு. குடிநீரைக் கொதிக்கவைத்து ஆற்றிப் பருகுதல் நல்லது. கிணற்றில் இடும் குளோரின் இம்முட்டையைக் கொல்லப் போதாது. பச்சையாக உண்ணும் கீரை, முள்ளங்கி, வெள்ளரி ஆகியவற்றைத் தூய நீரில் பன்முறை கழுவ வேண்டும். மலங்கழித்த பின்னும், சமைக்கு முன்னும், உண்ணு முன்னும் சோப்பிட்டுக் கைகழுவுதல் எல்லாவற்றினும் முதன்மையானது. ஏனெனில் நாடாப்புழு உள்ள ஒருவர் தம் கையாலேயே தமக்கும் தம் குழந்தைகளுக்கும் முட்டையை ஊட்டிவிடக்கூடும்.

ஆசிரியர் செய்யக்கூடியவை

வகுப்பில் குழந்தைக்கு வலிப்பு வந்தால் ஆசிரியர் பதற்றமடையாமல், அருகிலுள்ள பலகை, கல் முதலியவற்றை அகற்றி, தலையின் கீழ் மெத்தென்ற துணியை வைத்து, துடிப்பு அடங்கியதும் குழந்தையை ஒருபக்கமாகத் திருப்பிக் கிடத்த வேண்டும். கழுத்துப் பட்டையைத் தளர்த்த வேண்டும். கைகால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. வாயில் கரண்டியையோ விரலையோ நுழைக்கக் கூடாது. நினைவு தெளியுமுன் நீர் ஊட்டக் கூடாது. சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதாலும், வெங்காயத்தையும் செருப்பையும் முகரச் செய்வதாலும் ஒரு பயனும் இல்லை. வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், தெளியாமல் அடுத்த வலிப்பு வந்தாலும் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். வலிப்பு எந்தக் கையில் தொடங்கியது, எவ்வளவு நேரம் இருந்தது என்பவற்றை ஆசிரியர் குறித்து வைத்தால், மருத்துவருக்கு அது பெரிதும் உதவும்.

அதன் பின்னர் ஆற்றவேண்டிய பணி இதனினும் கடினமானது. வலிப்பு கண்ட குழந்தையைப் பெற்றோர் வீட்டில் நிறுத்திக்கொள்ள விரும்புவர். பிற பெற்றோர் தம் பிள்ளைகளை அதனருகே அமரவிட அஞ்சுவர். இந்நோய் தொடுவதாலோ, உடன் அமர்வதாலோ, எச்சிலாலோ பரவாது. பெண் குழந்தையாயின் அவள் திருமணம் பற்றிய கவலை நோயை மறைக்கத் தூண்டும். வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாகச் சொல்லியிருந்த விதி இந்து திருமணச் சட்டத்திலிருந்தும் சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் 1999ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. சட்டம் மாறிப் பல ஆண்டுகள் ஆயின. ஊரார் மனம் மாறும்படி செய்ய ஆசிரியர் சொல் வேண்டும். மூளையில் ஒற்றைப் பை உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது சில மாதங்களில் மறைந்து, வலிப்பும் அடங்கிவிடுகிறது என்ற நற்செய்தியை அவர் அறிந்து சொல்ல வேண்டும்.

உயிரியல் பாடத்தில் நாடாப்புழுவின் வாழ்க்கை வட்டம் பல ஆண்டுகளாக இடம்பெற்று வருகிறது. மாணவர் அதனைப் படமாக வரைந்து, கணுக்களின் பெயர்களை மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி மறந்துவிடுகின்றனர். அப்படத்தில் பன்றியிலிருந்து மனிதனுக்கு வரும் அம்புக்குறியை எல்லாரும் வரைவர். மனிதனிலிருந்து மனிதனுக்கே செல்லும் இரண்டாவது அம்புக்குறியையும் ஆசிரியர் தவறாமல் வரையச் செய்து, அது தம் ஊரில் எந்தக் குளத்தின் வழியாக, எந்தத் தோட்டத்தின் வழியாக, எந்தக் கையின் வழியாகச் செல்கிறது என்று மாணவரையே தேடிக் கண்டுபிடிக்கச் சொன்னால், அவர்கள் வீடு திரும்பும்போது பாடமும் உடன் செல்லும். அவ்வழியை அடைக்கும் வேலையில் கழிவறைக் கதவும், சோப்புக் கட்டியும், பன்றிப் பட்டியின் வேலியும் மருந்துக்கு இணையான கருவிகள். அவை முறையாகப் பயன்படும் ஊரில் புதிதாக நாடாப்புழு பரவ இடமில்லை. அங்குப் பிறக்கும் குழந்தைகளுக்கு இக்காரணத்தால் வலிப்பு வரவேண்டிய தேவையும் இல்லை.